ஈரம் கண்ட உப்புப் படிகங்கள்

எண்பதுகளின் நடுவில் நாலு வருடம் நான் உப்பின் மேல் அயனிகளை எறிந்துகொண்டிருந்தேன். அதுதான் என் முனைவர் பட்ட வேலை. சேலத்தில் ரயில் ஏறினால் இரண்டு ராத்திரி கழித்து வரும் ஒரு வடநாட்டு நகரத்தில் ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. வருடத்துக்கு ஒரு முறை ஊருக்கு வருவேன். ஊர் என்றால், ஏற்காட்டிலிருந்து மஞ்சக்குட்டை போகிற வழியில் ஒரு காப்பி எஸ்டேட். அப்பா அங்கே ரைட்டர், கணக்கு எழுதுகிறவர். எஸ்டேட் கொடுத்த ஓட்டு வீட்டில் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். அம்மா மிஷன் பள்ளிக்கூட விடுதியில் சமையலை மேற்பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் விடுமுறையிலேயே அம்மா என்ன படிக்கிறாய் என்று கேட்டாள். அயனி, படிகம், பரப்பு என்று அரை மணி நேரம் சொன்னேன். படிகம் எதால் ஆனது என்று கேட்டாள். உப்பு என்றேன். சமையல் உப்பா என்றாள். அதே உப்புதான், ஆனால் உருக்கி, மெதுவாக ஆறவிட்டு, ஒரே படிகமாக வளர்த்தது என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குக் கோயிலில் கூடிய எல்லோருக்கும் ரைட்டர் மகள் உப்பு ஆராய்ச்சி செய்வது தெரிந்திருந்தது. ஒருவர் கல்லுப்பு நல்லதா தூள் உப்பு நல்லதா என்று கேட்டார். ரத்தக் கொதிப்புக்காரர் ஒருவர் எவ்வளவு சேர்த்துக்கொள்ளலாம் என்று கேட்டார். அது என் துறை இல்லை என்று இரண்டு வருடம் சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது வருடம், குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத் தொடங்கினேன். அதில் எல்லோருக்கும் திருப்தி.

நான் செய்தது இதுதான். அயனி என்பது ஒன்றிரண்டு எலக்ட்ரானைப் பறிகொடுத்த அணு. மின்னழுத்தம் கொடுத்தால் ஓடும். எங்கள் மிஷின் கொடுக்கிற அழுத்தத்தில் நொடிக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடும். அதை ஒரு படிகத்தின் மேல் நேராக விட்டால் உள்ளே புகுந்து காணாமல் போய்விடும். பரப்பை உரசுகிற மாதிரி, ஒரு டிகிரிக்கும் குறைவான சாய்வில் விட்டால் அப்படி ஆவதில்லை. பரப்பில் அணுக்கள் வரிசை பிசகாமல் அடுக்கியிருக்கின்றன. எந்த ஒரு அணுவும் அயனியைத் தனியாக முட்டித் தள்ளுவதில்லை. ஆயிரக்கணக்கான அணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் தள்ள, அயனி மெதுவாக மேலே வளைந்து வெளியே போய்விடுகிறது. ஏரித் தண்ணீரில் ஓட்டாஞ்சில்லைப் படுக்கை வசமாக வீசினால் முங்காமல் எழும்பிப் போகுமே, ஏறக்குறைய அப்படி. போகிற வழியில் கொஞ்சம் ஆற்றலை இழக்கும். எவ்வளவு இழந்தது என்று அளந்து வரைபடம் போட்டால், எல்லா அயனிகளும் கிட்டத்தட்ட ஒரே அளவு இழந்திருக்கும். வரைபடத்தில் ஒரு மேடு வரும்.

எனக்கு இரண்டு மேடு வந்தது. முதல் மேடு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அதைவிட அதிக ஆற்றலை இழந்த அயனிகளால் ஆன இரண்டாவது மேடு ஒன்று, சின்னதாக, பக்கத்தில் நின்றது.

என் பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டு, "அழுக்கு" என்றார். வெற்றிடப் பம்பின் எண்ணெய் ஆவி படிகத்தின் மேல் படிந்திருக்கும், சுத்தம் செய்துவிட்டு மறுபடி எடு என்றார். அவர் கெட்டவர் அல்ல. குறைவாகப் பேசுவார், அவ்வளவுதான். நான் சுத்தம் செய்துவிட்டு மறுபடி எடுத்தேன். மேடு இருந்தது. "அழுக்கு" என்றார். இப்படி இரண்டு வருடம் போயிற்று.

எனக்கு வேறு ஒரு எண்ணம் இருந்தது. உப்புப் படிகத்தைக் கத்தி வைத்துத் தட்டிப் பிளந்தால் கண்ணாடி மாதிரி ஒரு பரப்பு கிடைக்கும். பார்க்கத்தான் அது சமதளம். உண்மையில் அங்கங்கே ஓர் அணு உயரத்துக்குப் படிகள் இருக்கும். பரப்பை ஒட்டி வருகிற அயனி அப்படி ஒரு படியின் விளிம்புக்கு வந்தால், மேல் அடுக்குக்குக் கீழே நுழைந்து, முதல் அடுக்குக்கும் இரண்டாவது அடுக்குக்கும் நடுவில் கொஞ்ச தூரம் ஓடி, இன்னொரு படி வந்ததும் வெளியே வரலாம். உள்ளே ஓடியதால் அதிக ஆற்றலை இழந்திருக்கும். அதுதான் இரண்டாவது மேடு என்பது என் கட்சி. பேராசிரியர் கேட்டுவிட்டு, படி இருக்கிறதென்று எப்படித் தெரியும் என்றார். அதைப் பார்க்க எங்களிடம் வழி இல்லை என்றேன். அப்படியானால் அழுக்கு என்றார்.

நாலாவது வருடம் மிஷினின் பெல்ட் கிழிந்தது. மின்னூட்டத்தை மேலே ஏற்றிக் கொண்டுபோகிற பெரிய ரப்பர் பெல்ட். வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். எத்தனை மாதம் ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஊருக்குப் போய் ஆய்வேட்டில் முடிந்த அத்தியாயங்களை எழுது என்று பேராசிரியர் சொன்னார்.

படிகங்களும் வெளிநாட்டிலிருந்து வந்தவைதான். ஒன்றரை வருடம் காத்திருந்து ஆறு துண்டு வந்தது. ஒவ்வொன்றும் தீப்பெட்டியில் பாதி இருக்கும். ஒன்றை நான் தட்டிப் பழகும்போது நொறுக்கினேன். இன்னொன்றைக் கூடவே ஆராய்ச்சி செய்த ஒருவர் தன் உலையைச் சோதிக்க எடுத்து உருக்கிவிட்டு, உப்புதானே என்றார். மிச்சம் நாலு. அவற்றை அங்கே விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. பால்மாவு வந்த கண்ணாடி பாட்டில் ஒன்றில் சிலிக்கா ஜெல் மணிகளைப் போட்டு, அதன் மேல் நாலு துண்டுகளையும் தாளில் சுற்றி வைத்து, இறுக்கி மூடி, இரண்டு ராத்திரியும் மடியில் வைத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன்.

சிலிக்கா ஜெல் ஈரத்தை உறிஞ்சும். காய்ந்திருக்கும்போது நீலமாக இருக்கும், ஈரம் ஏறினால் ரோஸ் நிறமாகும். அப்போது எடுத்து வாணலியில் போட்டு வறுத்தால் மறுபடி நீலமாகிவிடும். அப்பாவுக்கு இது பிடித்துப்போனது. காப்பிக் கொட்டையின் ஈரத்தைக் கடித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கிறவர் அவர். தானாக நிறம் மாறிச் சொல்லும் ஒரு பொருள் இருப்பது இத்தனை நாள் தனக்குத் தெரியாமல் போயிற்றே என்றார். தினமும் காலையில் ஆள் கணக்கு எடுக்கிற மஸ்டருக்குப் போகும் முன் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். முதல் முறை மணிகளை நானே வறுத்தேன். இரண்டாம் முறை அவர் வறுத்தார். சரியாகவே வறுத்தார்.

ஐப்பசி மாதம். மழை பிடித்துக்கொண்டிருந்தது. மஞ்சு என்கிற மலை மூடுபனி காலையில் வீட்டுக்குள் வந்தால் மத்தியானம்வரை போகாது. அந்தச் செவ்வாய்க்கிழமை நான் எழுதி முடித்த இரண்டு அத்தியாயங்களை டைப் அடிக்கக் கொடுக்கச் சேலத்துக்கு இறங்கினேன். அன்று சாயங்காலமே திரும்புவதாக ஏற்பாடு. மதியத்துக்கு மேல் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. குப்பனூர் வழி மாற்றுப் பாதையில் ஜீப் போகும் என்றார்கள், போகவில்லை. அம்மாப்பேட்டையில் சின்னம்மா வீட்டில் தங்கினேன். மழை விட்டு, பாதையைச் சரிசெய்து, முதல் பஸ் கிளம்பியபோது வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது.

வீட்டுக்குள் நுழைந்தபோது மணி நாலு. முன்னறையில் ஜன்னல் திறந்திருந்தது. ஜன்னலுக்குப் பக்கத்து மேசையில் ஒரு பீங்கான் தட்டு இருந்தது. தட்டில் என் படிகங்கள் இருந்தன. தாளைக் காணவில்லை.

ஜன்னல் பக்கம் இருந்த இரண்டு துண்டுகள் தண்ணீரில் உட்கார்ந்திருந்தன. மூலைகள் கரைந்து, வாயில் போட்டுத் துப்பிய கற்கண்டு மாதிரி இருந்தன. மூன்றாவது, கண்புரை விழுந்த கண் போல வெள்ளையாக இருந்தது. நாலாவது மட்டும் தட்டின் உள்விளிம்பில் சாய்ந்து நின்றிருந்தது. அதில் தண்ணீர் இல்லை. ஆனால் வழக்கமான பளபளப்பும் இல்லை. நான் தட்டை எடுக்கவில்லை. ஜன்னலை மட்டும் மூடினேன்.

அப்பா உள்ளேயிருந்து வந்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னார். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு மணிகள் ரோஸ் நிறமாகியிருக்கின்றன. தட்டில் துண்டுகளை எடுத்து வைத்துவிட்டு மணிகளை அடுப்பில் போட்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடு ஒன்றின் கூரை மேல் மரம் சாய்ந்துவிட்டதென்று ஆள் வந்திருக்கிறது. ஓடியிருக்கிறார். யாருக்கும் அடியில்லை. திரும்பி வருவதற்குள் மணிகள் கருகிவிட்டன.

"கருகிப் போனதை உள்ள போட்டு மூடறதுல பிரயோசனமில்லைங்கறது சரிதானுங்க," என்றேன். "சும்மாவாவது மூடி வெச்சிருக்கலாமுங்களேப்பா. ஏனுங்கப்பா மூடல?"

"ஈரத்தோட மூடி வெச்சா பூஞ்சை புடிக்கும் கண்ணு," என்றார். "காத்தாட இருக்கட்டும்னு தாளைப் பிரிச்சு, ஜன்னலைத் தொறந்து வெச்சேன்."

காப்பிக் கொட்டைக்கு அது சரி. முப்பது வருடம் அவர் அதைத்தான் செய்து வந்தார். அவர் அறிந்த எந்தப் பொருளும் காற்றிலிருந்து தண்ணீரைத் தானாகப் போய் வாங்கிக்கொள்வதில்லை. "நாலு வருசமுங்கப்பா," என்றேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை.

அம்மா விடுதியிலிருந்து வந்து தட்டைப் பார்த்தாள். உப்பு ஜாடியை மழைக்காலத்தில் அடுப்படியில்தான் வைக்க வேண்டும், ஜன்னலோரம் யாராவது வைப்பார்களா, ஒரு வார்த்தை தன்னைக் கேட்டிருக்கலாம் என்றாள். அவள் சொன்னது சரி. ஆராய்ச்சிக்கூடத்திலும் உப்பைச் சூடாக்கி வைத்துத்தான் நாங்கள் அளந்தோம். குளிர்ந்த உப்பின் மேல் அயனி விழுந்தால் மின்னூட்டம் தங்கிவிடும், சூடாக்கினால் தங்காது. அதற்கும் இதற்கும் காரணம் வேறு. ஆனால் அன்றைக்கு அதை விளக்கும் நிலையில் நான் இல்லை.

அந்த இரண்டு நாளில் அப்பா எனக்குத் தெரியாமல் என் நோட்டிலிருந்து முகவரியை எடுத்துப் பேராசிரியருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதிவிட்டார். எஸ்டேட் ஆங்கிலத்தில், தொரைக்கு எழுதுகிற மாதிரி. அதைப் பிற்பாடுதான் நான் பார்த்தேன். மேற்படி உப்புத் துண்டுகள் நான்கும் நான் எடுத்த முடிவின் காரணமாக நனைந்துவிட்டன, இதில் என் மகளுக்கு எந்தப் பொறுப்பும் இல்லை, உத்தரவிட்டால் சேலம் கடைவீதியில் கிடைக்கும் முதல் தர உப்பை எந்த அளவு வேண்டுமானாலும் அனுப்பி வைக்கத் தயாராக இருக்கிறேன் என்று எழுதியிருந்தார். கீழே கையெழுத்தும் எஸ்டேட் ரப்பர் ஸ்டாம்பும் இருந்தன.

மூன்று வாரம் கழித்துத் தந்தி வந்தது. மிஷின் சரியாகிவிட்டது, படிகங்களை இருக்கிறபடியே கொண்டுவா என்று இருந்தது. தந்தியைக் கொடுத்த தபால்காரர் நல்ல செய்திதானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். எனக்கே தெரியவில்லை.

ஆராய்ச்சிக்கூடத்தில் நனைந்த மூன்றையும் பிளந்து பார்த்தேன். உப்புக்கு ஒரு நல்ல குணம், மேலே கெட்டாலும் உள்ளே கெடுவதில்லை. சரியான இடத்தில் கத்தி விழுந்தால் புதுப் பரப்பு கிடைக்கும். முதல் இரண்டும் நொறுங்கின. மூன்றாவது, கண்புரை விழுந்தது, ஒரே தட்டில் அழகாகப் பிளந்தது. உள்ளே தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன்.

மிஷின் ஓட்டுகிறவர் ஒரு வயதான ஆள். அயனிக் கற்றையைச் சரிசெய்வதில் அவருக்கு இணை இல்லை. அவர் படிகத்தை மாட்டும் என் தாங்கியைப் பார்த்துவிட்டு, இரண்டு இடம் இருக்கிறது, ஒன்று காலியாக இருக்கிறதே, பிளக்காத அந்த மங்கலான நாலாவது துண்டையும் மாட்டு, எப்படியும் வெற்றிடம் வர ஒரு நாள் ஆகும், காலி இடத்துக்கும் அதே ஒரு நாள்தான் என்றார். அவர் சிக்கனக்காரர். மாட்டினேன்.

புதிதாகப் பிளந்த பரப்பில் இரண்டாவது மேடு மிகச் சின்னதாக இருந்தது. இருக்கிறதா இல்லையா என்று உற்றுப் பார்க்க வேண்டும். மங்கலான துண்டைத் திருப்பி வைத்து எடுத்தோம். திரும்பி வந்த அயனிகளே குறைவு. ஆனால் வந்தவற்றில் இரண்டாவது மேடு முதல் மேட்டுக்கு அரைவாசி உயரம் நின்றது. நாலு வருடத்தில் அவ்வளவு பெரிய இரண்டாவது மேட்டை நான் பார்த்ததில்லை. ஒரே நாளில், ஒரே கற்றையில், ஒரே பம்பின் ஆவியில்.

வரைபடத்தை எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எது நனைந்தது?" என்றார்.

காட்டினேன்.

"நனைந்ததில் அழுக்கு அதிகம்," என்றார்.

ஈரம் படிகளை உண்டாக்கியிருக்கலாம். ஈரம் அழுக்கையும் கொண்டுவந்திருக்கலாம். இரண்டுக்கும் வரைபடம் ஒன்றுதான். என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும், ஏற்காட்டை இங்கே கொண்டுவந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. பெரிய எண்ணம் ஒன்றுமில்லை. புதிதாகப் பிளந்த துண்டைச் சிறு சிறு தகடுகளாகப் பிளந்தேன். ஒரு தகட்டை அப்படியே வைத்தேன். மற்றவற்றை ஒவ்வொன்றாக, நனைத்துப் பிழிந்த துணி ஒன்றோடு கண்ணாடி மூடிக்குள் வைத்தேன். ஒன்றை ஒரு மணி நேரம், ஒன்றை மூன்று மணி நேரம், ஒன்றை ஒரு நாள். காய்ச்சி வடித்த தண்ணீரால் நனைத்த துணி. எண்ணெயோ தூசியோ கிட்டே வரவில்லை. எல்லாவற்றையும் சூடாக்கி, மேலே ஒட்டிய ஈரத்தை விரட்டிவிட்டு அளந்தேன். ஈரத்தில் இருந்த நேரம் கூடக்கூட இரண்டாவது மேடு உயர்ந்தது.

அதற்கும் பேராசிரியர், படி இருக்கிறதென்று எப்படித் தெரியும் என்று பழைய கேள்வியையே கேட்டார். ஆனால் இந்தத் தடவை கேட்டுவிட்டு, எலக்ட்ரான் நுண்ணோக்கி இருக்கிற இன்னொரு பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே தெரிந்த ஒரு வழி இருந்தது. உப்பின் மேல் மிக மிகக் கொஞ்சமாகத் தங்கத்தை ஆவியாக்கித் தூவினால், தங்கத் துகள்கள் சமதளத்தை விட்டுவிட்டுப் படிகளின் விளிம்பில் போய் வரிசையாக உட்காரும். கண்ணுக்குத் தெரியாத படி, புள்ளிக் கோடாகப் படத்தில் விழும்.

படங்கள் கழுவி வந்தன. ஈரம் படாத தகட்டில் கோடுகள் அங்கொன்று இங்கொன்றாக, நேராக இருந்தன. ஒரு நாள் ஈரத்தில் இருந்ததில் கோட்டுக்கு மேல் கோடு, வளைந்து வளைந்து. பேராசிரியர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "எண்ணு" என்றார்.

மூன்று வாரம் எண்ணினேன். கோடு அதிகம் உள்ள தகட்டில் மேடு அதிகம். கோடு குறைந்தால் மேடு குறைவு. ஒன்றுகூட மாறி வரவில்லை. எழுதிய கட்டுரையை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் அது திரும்பி வந்தபோது, என் எழுத்தில் ஓரிடத்தில் மரியாதைக்காக விட்டு வைத்திருந்த "மாசு" என்ற சொல்லை அவர் சிவப்பு மையால் அடித்து, மேலே "படிகள்" என்று எழுதியிருந்தார். அன்று மட்டும் டீ குடிக்கப் போகும்போது என்னையும் கூப்பிட்டார்.

அடுத்த விடுமுறையில் டைப் அடித்த ஆய்வேட்டை ஊருக்குக் கொண்டுபோனேன். தங்கம் தூவிய படத்தை அப்பாவிடம் காட்டினேன். தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். "நம்ம நாலாம் நெம்பர் காட்டுல வரப்பு வெட்டுன மாதிரி இருக்குது," என்றார். பிறகு எந்தப் பக்கத்தில் தன் சமாச்சாரம் வருகிறது என்று கேட்டார். காட்டினேன். படிகம் தற்செயலாக மூன்று நாள் ஈரக்காற்றில் இருக்க நேர்ந்தது என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்தத் தற்செயல் என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார். இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். யாரும் வேண்டுமென்று செய்யாமல் தானாக நடந்தது என்றேன்.

"தானா நடக்கல சாமி," என்றார். "நாந்தான் தொறந்து வெச்சேன். ரிப்போர்ட்டுன்னா ஆரு செஞ்சாங்கன்னு எழுதோணும்."

இதெல்லாம் ஆய்வேட்டில் எழுத மாட்டார்களப்பா என்றேன். அவர் வாதாடவில்லை. ஆனால் திருப்தியும் இல்லை. சாப்பிடும்போது இன்னொரு முறை அம்மாவிடம் அதையே சொன்னார். தப்பு செய்தவன் பேர் இல்லாமல் தப்பு மட்டும் தனியாக நிற்குமா என்று கேட்டார். அம்மா ரசம் ஊற்றினாள்.

திரும்பிப் போய், படிகம் ஆசிரியரின் தந்தையால் மூன்று நாள் திறந்த ஜன்னல் அருகே வைக்கப்பட்டது என்று மாற்றி எழுதினேன். பேராசிரியர் அதைச் சிவப்பு மையால் அடித்தார். ஆராய்ச்சிக்கூடத்தோடு தொடர்பில்லாத ஒருவரால் என்று எழுதச் சொன்னார். அப்படியே அச்சானது. கடிதத்தில் அப்பாவுக்குத் தெரிவித்தேன். தொடர்பு இல்லாதவன் என்பது சரியில்லை, கடிதப் போக்குவரத்து இருக்கிறது என்று பதில் எழுதினார்.

வாய்மொழித் தேர்வுக்கு அப்பாவும் என்னோடு வந்தார். அந்த வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தார். அத்தனை தூரம் ரயிலில் போனது அவருக்கு அதுதான் முதல் தடவை. கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையும் வேட்டியும், மேலே எஸ்டேட்டில் கொடுத்த காக்கிக் கோட்டும் போட்டுக்கொண்டு, கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கண்டிப்பானவர் என்று பெயர் வாங்கியவர். ஒரு மணி நேரம் கணக்கைக் கேட்டார். சொன்னேன். பிறகு அந்தப் பக்கத்தைத் திருப்பி, மூன்று நாள் என்றால் எத்தனை மணி, அப்போது காற்றில் ஈரம் எப்படி இருந்தது, ஈரத் துணியோடு மூடிக்குள் வைத்ததற்கு மட்டும் நேரம் கொடுத்திருக்கிறாய், இதற்கு ஏன் இல்லை என்றார். எனக்குத் தெரியாது, நான் அங்கே இல்லை என்றேன். அந்தத் தொடர்பில்லாத ஒருவரைக் கேட்டிருக்கலாமே என்றார். பேராசிரியர் ஜன்னலைப் பார்த்தார்.

"அவர் வெளியே உட்கார்ந்திருக்கிறார்," என்றேன்.

கூப்பிட்டார்கள். அப்பா உள்ளே வந்து எல்லோருக்கும் ஒரு பொதுவான கும்பிடு போட்டார். உட்காரச் சொன்னதற்கு நின்றுகொண்டே பேசுவதாகச் சொன்னார். தேர்வாளர் ஆங்கிலத்தில் கேட்டார். அப்பா கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன டைரியை எடுத்தார். எஸ்டேட்டில் ரைட்டர்கள் தினமும் காலையில் மழைமானியைப் பார்த்துக் குறித்து வைப்பார்கள். அதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன், ஆனால் கேட்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. ஜன்னல் செவ்வாய் காலை பதினொன்றரைக்குத் திறக்கப்பட்டது, வெள்ளி மாலை நாலு மணிக்கு என் மகள் மூடினாள் என்றார். நாலு நாளின் மழை அளவையும் வாசித்தார். எந்த நேரம் மஞ்சு இருந்தது, எந்த நேரம் இல்லை என்று வாசித்தார். புதன் மதியம் இரண்டு மணி நேரம் வெயில் அடித்ததையும் விடவில்லை. தேர்வாளர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு, ஜன்னலை ஏன் திறந்து வைத்தீர்கள் என்று கேட்டார்.

தவறான தீர்மானம் என்று அப்பா ஆங்கிலத்தில் சொன்னார். எஸ்டேட் ரிப்போர்ட்டுகளில் தவறை ஒப்புக்கொள்ள அதற்கென்றே ஒரு வாசகம் இருந்தது.

தேர்வாளர் சிரிக்கவில்லை. நன்றி சொன்னார். இந்தக் குறிப்புகளை ஒரு பின்னிணைப்பாகச் சேர்க்க வேண்டும், அதைத் தவிரத் தனக்கு வேறு திருத்தம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அப்படித்தான் மஞ்சக்குட்டைப் பக்கத்து எஸ்டேட் ஒன்றின் நாலு நாள் மழைக் கணக்கு, வேக அயனிகள் பற்றிய ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. யார் குறித்தது என்பதும் கீழே இருக்கிறது. பேராசிரியர் இந்தத் தடவை சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஊருக்கு ரயில் ஏறினோம். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற நிலமெல்லாம் என்ன பயிர் என்று பார்த்துக்கொண்டே வந்தார். இரண்டாம் ராத்திரி சாப்பிட்ட பிறகு, ரொம்ப நேரமாக யோசித்ததுபோல் ஒன்று கேட்டார்.

"அந்த உப்புல பட்டு வெளிய வருதில்ல கண்ணு, அளந்தாச்சு. அப்புறம் அது எங்க போகும்?"

அளக்கிற கருவியில் விழுந்தது அங்கேயே புதைந்துவிடும், அதில் விழாமல் தப்பியது பெட்டியின் சுவரில் முட்டும், எங்கேயோ ஒரு எலக்ட்ரானைப் பிடித்துக்கொண்டு சாதாரண வாயுவாகிவிடும், அதைப் பம்பு இழுத்து வெளியே விட்டுவிடும் என்றேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்கப்பா."

சரி என்று தலையை ஆட்டினார். துண்டை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கிப்போனார். சேலம் வருவதற்கு அரை மணிக்கு முன்னால் எழுப்பச் சொல்லியிருந்தார். எழுப்பினேன்.